சபாஷ் வாங்காத பாட்டு

முன்னொரு காலத்தில் கொன்றையூர் என்ற நாட்டை வீரமகுடன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நினைத்த நொடியில் நினைத்ததைச் செய்துவிடுகிற ஆசாமி. அவனையே ஆட்டிவைக்க ஒரு பிள்ளை பிறந்தது. தூங்கவே தூங்காது, வீல் வீலென்று அழும்.

"என் பாட்டால் இளவரசரைத் தூங்கவைக்கிறேன். வைத்தால் மந்திரியின் முத்திரை மோதிரம் எனக்கு!" என்றார் ஆஸ்தானப் புலவர் இடிமுழக்கனார். அந்த மோதிரத்தோடு வரும் மந்திரிப் பதவியின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"மந்திரியும் பாடட்டும். தோற்றவர் ஊரைவிட்டே போகட்டும்!" என்றுவிட்டான் ராஜா.

மந்திரியின் பெயர் சொக்கநம்பி. அவர் பாடினால் கழுதைகூட வெட்கப்படும். ஆனாலும் மனுஷருக்கு ஒரு சந்தேகம். வீட்டில் மனைவி தாலாட்டினால் பிள்ளைக்கு முன்னால் தூங்கிப்போவது அவர்தான். ஒரு நாளாவது அந்தப் பாட்டை முடிவுவரை கேட்டதில்லை. ஏன்? யோசித்தவர், மெல்லச் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் சபைக்குத் தொட்டில் வந்தது.

"புலவரே, வழக்கம்போல அடிக்கு அடி சபாஷ் போடலாம் அல்லவா?" என்று கேட்டார் மந்திரி.

"போடாமல்? என் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பவனும் ஒரு மனிதனா?"

புலவர் எதுகையும் மோனையுமாகப் பொழிந்தார். "பலே! சபாஷ்!" என்று சபை அதிர்ந்தது. பிள்ளை அதைவிட அதிர அழுதது.

மந்திரி தொட்டில் கயிற்றைப் பிடித்தார். ஆட்டிக்கொண்டே, தவளைக் குரலில் தொடங்கினார்:

"ஆராரோ ஆரிரரோ
அல்லிக்குளம் தூங்குதய்யா
ஆராரோ ஆரிரரோ
அதில்மீனும் தூங்குதய்யா..."

மீனுக்குப் பிறகு நாரை தூங்கியது, கரை தூங்கியது, மறுபடி குளமே தூங்கியது.

புலவர் துள்ளி எழுந்து பல்லைக் கடித்தபடி பொருமினார். "இதுவும் பாட்டா? சொன்னதையே சொல்கிறார்! ஒருவராவது சபாஷ் போட்டார்களா?"

திரும்பிப் பார்த்தார். சேனாதிபதி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ராஜாவின் கிரீடம் மூக்குவரை இறங்கியிருந்தது. தொட்டிலில் இளவரசர் விரல் சூப்பியபடி அசந்து தூங்கினார்.

மூக்கில் கிரீடம் உறுத்த விழித்த ராஜா, பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தான்: "உஸ்ஸ்! எப்படி ஐயா இது?"

"தொட்டில் போகும்போது ஓர் அடி, வரும்போது ஓர் அடி. தாளம் போடுவது தொட்டில்தான், மகாராஜா. புலவர் பாட்டில் அடுத்து என்ன வருமோ என்று காது காத்திருக்கும். காத்திருக்கிற காது தூங்குமா? இதில் வந்ததே வரும். காதும் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொள்ளும். சபாஷ் போட ஒருவர் விழித்திருந்தாலும் தாலாட்டு தோற்றது என்றுதான் அர்த்தம்."

ராஜா சத்தமில்லாமல் தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். "புலவரை நாடு கடத்தட்டுமா?"

"வேண்டாம், மகாராஜா. தொட்டிலாட்ட ஆள் வேண்டுமே!"

அன்றுமுதல் கயிறு புலவர் கையில். திணறித் திணறி ஒருநாள் நல்ல தாலாட்டு ஒன்று பாடியேவிட்டார். பிள்ளை தூங்கியது, தாதி தூங்கினாள், காவலாளியும் தூங்கினான். புகழ ஓர் ஆள் இல்லை. மனுஷருக்குப் பொறுக்கவில்லை.

"சபாஷ்!" என்றார் தனக்குத்தானே.

பிள்ளை கண் விழித்தது. வீல்!