மேலே வாய் வைத்த கூடு

அல்லிக்குளத்தின் மேல் சாய்ந்து நின்ற ஈச்ச மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலம் நெருங்கிவிட்டது.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுப் பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து நாரை இழுத்துப் பார்க்கும், தொங்கிப் பார்க்கும். பிடித்தால்தான் குடித்தனம். பிடிக்காவிட்டால் ஆண் வேறு கூட்டை ஆரம்பிக்க வேண்டியதுதான். கெஞ்சிப் பிரயோசனமில்லை.

குழலி என்ற பெண் குருவிக்கு எதுவுமே லேசில் பிடிக்காது. சீராளன் கட்டிய முதல் கூட்டை அவள் ஒரு இழுப்பு இழுத்தாள்.

"இது கூடா? காற்றடித்தால் அடுத்த ஊரில் போய் நிற்கும்!"

இரண்டாவதில் நுழைந்த வேகத்தில் வெளியே வந்தாள்.

"உள்ளே திரும்பக்கூட இடமில்லை. நான் என்ன எறும்பா?"

சீராளன் முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவதைக் கட்டினான். அதில் குழலி நன்றாகத் தொங்கி ஆடினாள். ஒரு நார்கூட அசையவில்லை.

"ம்... பரவாயில்லை" என்றாள். குழலி வாயில் 'பரவாயில்லை' வந்துவிட்டால் போதும். சீராளன் ஆனந்தத்தில் மரத்தைச் சுற்றிப் பறந்தான். அவள் வயிற்றில் முட்டை கனத்துக்கொண்டிருந்தது. கூட்டின் வாயை முடித்துவிட்டால் தீர்ந்தது வேலை.

அப்போதுதான் காக்காய் வந்தது. பின்னால் அளவுகோலைச் சுமந்துகொண்டு இரண்டு கீரிகள்.

அந்தக் காட்டுக்குக் கரடிதான் ராஜா. நல்ல மனசு. கீரிகளை மரத்தடியில் காவல் வைத்துப் பாம்பை அண்டவிடாமல் பார்த்துக்கொள்வார், சண்டை வந்தால் தீர்த்து வைப்பார், மற்ற நேரம் தேன் சாப்பிடுவார். காடும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போன வாரம் யாரோ ஒரு குருவியின் கூடு காற்றில் விழுந்ததைப் பார்த்து அவர் மனம் உருகிவிட்டது. இனி இந்தக் காட்டில் ஒரு கூடும் விழக்கூடாது என்று முடிவு செய்தார். உயரத்தில் கூடு கட்டுகிறதே என்று காக்காயைக் கூடு அதிகாரி ஆக்கினார்.

"இந்தாம்மா, இந்தக் கூட்டுக்கு வாய் எங்கே?" என்றது காக்காய்.

"கீழே" என்றாள் குழலி.

"தப்பு! வாய் மேலே இருக்க வேண்டும். என் கூட்டைப் பார்த்ததில்லையா? உள்ளே என்ன நடக்கிறது என்று அரசு பார்க்க வேண்டாமா?"

"உங்கள் கூட்டில் இருப்பது உங்கள் முட்டையா, குயில் முட்டையா என்றே உங்களுக்குத் தெரியாது. என் கூட்டைச் சோதிக்க வந்துவிட்டீர்கள்!"

கீரிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டன. காக்காய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"அனுமதி இல்லாத கூட்டில் முட்டை இடக்கூடாது! ராஜா உத்தரவு!"

சீராளன் பயந்த சுபாவம். "சொன்னபடி மாற்றிவிடுகிறேன், ஐயா" என்றான்.

"முட்டை இடப்போவது யார்? நீயா, அவரா?" என்று குழலி கத்தினாள். அவன் காதில் ஏறவில்லை. கீழ் வாயை அடைத்து, மேலே வாய் வைத்தான்.

மறுநாளே மழை கொட்டியது. கூடு கிண்ணம் மாதிரி நிரம்பியது. குழலி எட்டிப் பார்த்தாள். இதில் முட்டை இடுவதும் குளத்தில் இடுவதும் ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து மரத்தில் சரசரவென்று சத்தம். சாரைப்பாம்பு ஏறிக்கொண்டிருந்தது! கீழே காவலுக்குக் கீரிகள் இல்லை. அவைதான் அளவுகோல் தூக்கப் போய்விட்டனவே.

"பாம்பு! பாம்பு!" குழலி போட்ட கூச்சலில் குருவிகள் எல்லாம் கூடிக் கொத்த வந்தன. பாம்பு வழுக்கி இறங்கியது.

"போகட்டும், நாளைக்கு வருகிறேன். வாய் மேலே இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! காக்காய்க்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்!"

குழலி நேராக ராஜாவிடம் பறந்தாள். அங்கே அவர் மரங்கொத்தியின் பொந்து எத்தனை ஆழம் இருக்கலாம் என்று காக்காயோடு யோசித்துக்கொண்டிருந்தார்.

"ராஜா! கூடெல்லாம் தண்ணீர், மரமெல்லாம் பாம்பு! நான் எங்கே முட்டை இடுவது?"

"உங்கள் நன்மைக்குத்தானே செய்தேன்!"

"நன்மையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் பாம்பைப் பாருங்கள்!"

"கூடு விழுந்தால்?"

"விழுமா என்று இழுத்துப் பார்க்காமலா குடி போகிறேன்? இரண்டு கூட்டை வேண்டாம் என்றேன், மூன்றாவதை ஒழுங்காகக் கட்டினான். கூடு விழுந்தால் என் முட்டை போகும். இவருக்கு என்ன போகும்?"

கரடி ராஜா காக்காயைப் பார்த்தார். "உன் முறைப்படி கட்டிய கூடுதானே? மழை விடும்வரை நீ போய் அதில் உட்கார்."

காக்காய் பதறியது. "அதில் என் கால்கூட நுழையாதே, ராஜா! அவரவர் உடம்புக்கு ஏற்றபடி அல்லவா கூடு வேண்டும்!"

"அப்பாடா, வாயைத் திறந்து உண்மை சொல்லிவிட்டார்!" என்றாள் குழலி. "ராஜா, நாங்கள் ஆற்றைத் தாண்டி அக்கரைக் காட்டுக்குக் கிளம்புகிறோம். அங்கே சிறுத்தை ராஜா காவல் மட்டும்தான் காக்கிறாராம். தேனீக்கள் நேற்றே போய்விட்டன."

ராஜா துள்ளி எழுந்தார். "தேனீக்களா! ஏன்?"

"தேனடை அறைகள் எல்லாம் வட்டமாக இருக்க வேண்டும் என்றாராம் உங்கள் அதிகாரி."

"ஐயோ! என் தேன்!"

ராஜா அதற்குமேல் யோசிக்கவில்லை. காக்காயின் பதவி அந்த நிமிஷமே போயிற்று. அளவுகோல் குளத்தில் விழுந்தது. கீரிகள் ஈச்ச மரத்தடிக்குத் திரும்பி ஓடின. வந்து பார்த்த சாரைப்பாம்பு, வந்த வழியே போய்விட்டது. தேனீக்களை அழைத்து வர ராஜாவே மூச்சிரைக்க ஆற்றங்கரைக்கு ஓடினார்.

சீராளன் புதுக் கூடு கட்டினான். குழலி இழுத்தாள், தொங்கினாள், இன்னொரு தடவை தொங்கினாள்.

"ஏன் இப்படிப் பார்க்கிறாய்? பிடித்திருக்கிறதா, இல்லையா?" என்று தவித்தான் அவன்.

"வாயை இன்னும் கொஞ்சம் நீளமாக இறக்கு. மற்றபடி பரவாயில்லை!"

சில நாள் கழித்து ஒரு மாலை மறுபடி மழை கொட்டியது. கூட்டுக்குள் குழலி சொட்டு நனையாமல் தன் முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

நீதி: குடிகளைக் காப்பதோடு நின்று, அவரவர் பிழைப்பை அவரவர் அறிவுக்கு விட்டுவிடும் ஆட்சியில்தான் நாடு செழிக்கும்.