பதில் வராத வரி

“நான் முட்டாளா? அதை மட்டும் சொல்லுங்க” என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

ஜெபசிங் இன்னும் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

“யாரு நீங்க?”

“மதுரையிலேர்ந்து வர்றேன். நொச்சியில வேலை செய்யணும்னு ரெண்டு வருஷமா முட்டிக்கிட்டு இருக்கேன். உள்ளயே போக முடியல. முட்டாள்னா சொல்லிருங்க, அடுத்த பஸ்ல போயிர்றேன்.”

அவன் கதவைத் திறந்தான்.

மணப்பாட்டில் கடலைப் பார்த்த ஒரு மாடி வீடு. வாசல்படி வரை மணல் ஏறிக் கிடந்தது. உள்ளே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு அவன் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தான். அவளைவிடப் பத்து வயதாவது இளையவன். பேசிப் பல நாள் ஆனவனைப் போல அடிக்கடி தொண்டையைச் செருமினான்.

நொச்சி என்பது ஓர் இயங்குதளம், கம்ப்யூட்டரையே இயக்கும் மென்பொருள். மற்றவர்கள் தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் அதன் உள்ளே, கெர்னல் என்ற மையப்பகுதி வரை வந்து திருத்தலாம். அதன் முகப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஜெபசிங். இன்னொருவன் முபாரக். புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டியை எழுதியவன் அவன்.

“நீங்க என்ன செய்யறீங்க?” என்று ஜெபசிங் கேட்டான்.

“பார்வை இல்லாத பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம். அங்க கம்ப்யூட்டர் டீச்சர்.”

“சரி.”

“யாரோ பழைய லேப்டாப் கொஞ்சம் குடுத்தாங்க. நொச்சி மட்டும்தான் அதுல ஓடுது. ஆனா சத்தம் வரல. சத்தம் இல்லாம அந்தப் பிள்ளைங்க அதை வெச்சு என்ன செய்யும்?”

அவன் ஜன்னல் கட்டையில் படிந்த மணலைத் தட்டிவிட்டான்.

“நாச்சியார்னு ஒரு பொண்ணு. தினமும் வந்து கீபோர்டு மேல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ஒரு நாள், ‘டீச்சர், என்னோடது தூங்குது போல, எழுப்பவா?’ன்னு கேட்டுச்சு.”

“அதுல இருக்கற சவுண்டு கார்டை இயக்க டிரைவர்னு ஒரு புரோகிராம் எழுதணும்.”

“தெரியும். அதுக்குத்தான் உள்ள வரணும்னு பாக்குறேன். எங்க தொடங்கறதுன்னு கேட்டு ஒரு தடவை மெயில் போட்டேன். ‘வழிகாட்டியைப் பாருங்கள்’னு ஒரு வரி வந்துச்சு.”

“நான்தான் போட்டேன்.”

“தெரியும். அங்க வேற யாரும் இல்லையே.”

அவன் கடலைப் பார்த்தான்.

“வழிகாட்டியைப் பாத்தீங்களா?”

அங்கயற்கண்ணியின் முகம் சிவந்தது. அவள் பேச்சை மாற்றினாள்.

“நிறையப் படிச்சேன். எனக்கு அடிப்படை பத்தலன்னு தோணுச்சு.”

அவன் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து நீட்டினான்.

“படிச்சாச்சு.”

இன்னொன்றை நீட்டினான்.

“படிச்சாச்சு.”

மூன்றாவதை எடுத்தான்.

“அது ரெண்டு தடவை.”

“வீடியோல பாடம் எடுக்கறாங்களே, அது?”

“பாத்தேன். என் கையால ஒரு குட்டிக் கெர்னல் எழுதினேன். திரையில ஒரே ஒரு எழுத்து வரும். அதைக் காட்டறதுக்குக்கூட வீட்டுல ஆள் இல்ல.”

அவன் புத்தகங்களைத் திரும்ப அடுக்கினான். அடுக்கி முடித்து, முதுகைக் காட்டியபடியே சொன்னான்.

“அப்ப உங்களுக்குச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் போகவில்லை. கடற்கரையில் போய் உட்கார்ந்தாள். ஆள் யாரும் இல்லை. இழுத்துப் போட்ட படகுகள் மட்டும் கிடந்தன. காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கியது. இவ்வளவு தூரம் வந்தும் அந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று நினைத்தாள். சொன்னால் சிரிப்பான். சிரித்தால் சிரிக்கட்டும்.

அவள் திரும்பிப் போனபோது கதவு திறந்தே இருந்தது. அவன் அதே ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தான்.

“எனக்கு எதையும் சொல்லித் தர வேண்டாம்” என்றாள். “நான் செய்யறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க. அது போதும்.”

“உக்காந்து?”

“எங்க தப்பு பண்றேன்னு பாருங்க. இதுவரைக்கும் யாரும் அப்படி உக்காந்து பாத்ததில்ல.”

அவன் உள்ளே போய், எதுவும் ஏற்றாத லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தான். பக்கெட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவள் வழிகாட்டியைத் திறந்தாள். வகுப்பில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிப் பழகியவள். வாய்விட்டே படித்தாள்.

‘வாங்க, வாங்க. செருப்பைக் கழற்ற வேண்டாம், அப்படியே உள்ளே வாங்க. எதையாவது உடைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். நான் நிறைய உடைத்திருக்கிறேன்.’

ஜெபசிங் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முதல் கட்டளையை அடித்தாள். வேலை செய்தது. அடுத்ததை அடித்தாள். அதுவும் வேலை செய்தது.

‘இதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். பக்கத்தில் யாராவது இருந்தால் பேசிக்கொண்டிருங்கள்.’

அவர்கள் பேசவில்லை. ஆனால் இருவருமே திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்கள்.

பிறகு அவள் கை நின்றது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“இந்த இடந்தான்.”

“படிங்க.”

அவள் படித்தாள்.

‘இனி உங்களுக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் என் வீட்டில் இருக்கின்றன. இந்த வரியைத் தட்டுங்கள். நானே எடுத்துத் தருவேன்.’

அவள் அந்த வரியை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து அடித்தாள். தட்டினாள்.

திரை காத்திருந்தது. அவளும் காத்திருந்தாள்.

மறுமுனையில் பதில் இல்லை என்று வந்தது.

“இதேதான்” என்றாள். “ஒவ்வொரு தடவையும் இதேதான் வருது. எழுத்தை மாத்தி மாத்திப் பாத்தேன். வேற கம்ப்யூட்டர்ல பாத்தேன். மூளை பத்தலன்னு ஒரு புஸ்தகம் படிப்பேன். திரும்ப வந்து தட்டுவேன். திரும்ப இதே. இவ்வளவு சின்ன விஷயத்துல நிக்கிறேன்னு வெளிய சொல்லவே வெக்கமா இருந்துச்சு.”

ஜெபசிங் எழுந்து ஜன்னலுக்குப் போனான். வெளியே பார்த்தபடியே சொன்னான்.

“நீங்க தப்பா எதுவும் அடிக்கல டீச்சர்.”

“பின்ன?”

“முபாரக் இறந்துட்டான்.”

அவள் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தாள்.

“மூணு வருஷம் ஆச்சு. காய்ச்சல்னு படுத்தான். கருவிங்க எல்லாம் மேலப்பாளையத்துல அவன் ரூம்ல இருந்த கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு. அவங்க அம்மா ஸ்விட்சை அணைச்சிருப்பாங்க. வேற என்ன செய்வாங்க.”

“இந்த வரி வேலை செய்யலன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“எங்கிட்ட எல்லாம் முன்னாடியே இருக்கு. இந்த வரியைத் தட்ட வேண்டிய அவசியமே எனக்கு வரல.” அவன் தொண்டையைச் செருமினான். “இந்தப் பக்கத்தையே நான் தெறக்கறதில்ல. படிச்சா அவன் பேசற மாதிரியே இருக்கும்.”

வெளியே காற்று மணலை வாரிப் படியில் இறைத்தது.

“அவன் இருந்த வரைக்கும் புதுசா யாராவது வந்துக்கிட்டே இருப்பாங்க. அவன்தான் அவங்ககிட்டப் பேசுவான். எனக்குப் பேச வராது. அவன் போனதும் ஒருத்தரும் வரல. எங்கிட்ட வர யாருக்கும் பிடிக்கலன்னு நினைச்சுக்கிட்டேன். சரி, தனியாவே பாத்துக்குவோம்னு இருந்துட்டேன்.”

“வந்திருப்பாங்க” என்றாள் அங்கயற்கண்ணி.

அவன் திரும்பினான்.

“வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாங்க. யாரும் தெறக்கல. நமக்குத்தான் தட்டத் தெரியல போலன்னு போயிருப்பாங்க.”

ஜெபசிங் மறுபடி பக்கெட் மேல் உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். அவள் பக்கத்தில் இருந்தாள்.

பிறகு அவன் தன் கம்ப்யூட்டரில் இருந்த கருவிகளை எல்லாரும் எடுக்கக்கூடிய ஒரு பொது இடத்தில் ஏற்றி வைத்தான். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

வழிகாட்டியில் அந்த வரியை மாற்றுவது மட்டும்தான் மீதி.

அவன் விரல் கீபோர்டுக்கு மேலே நின்றது. இறங்கவில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினான்.

“நீங்க மாத்துங்க.”

“நான் இன்னும் உள்ளயே வரலையே.”

“எனக்கு இந்த வாசலே தெரியாது டீச்சர். நான் முதல்லேர்ந்து உள்ள இருந்தவன்.”

அவள் யோசித்து யோசித்து அடித்தாள். ‘உங்களுக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் இந்த இடத்தில் இருக்கின்றன. இந்த வரியைத் தட்டுங்கள். பதில் வராவிட்டால் தப்பு உங்களுடையது அல்ல. எங்களுக்கு உடனே சொல்லுங்கள்.’

அடித்துவிட்டுக் கேட்டாள். “‘நானே எடுத்துத் தருவேன்’னு பழசுல இருக்கே. அதை என்ன செய்ய?”

“அழிச்சிருங்க.”

அவள் கையைக் கொண்டுபோனாள்.

“இருங்க.”

அவன் குனிந்து அதை ஒருமுறை தானே வாய்விட்டுப் படித்தான். பிறகு தன் விரலால் அழித்தான்.

அவள் புது வரியைத் தட்டினாள். கருவிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கத் தொடங்கின. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிக் கருவி வரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கெர்னல்ல வேலை செய்யலாம்னு வந்தேன்” என்றாள். “நாலே நாலு வரி எழுதியிருக்கேன். அதுவும் தமிழ்ல.”

ஜெபசிங் முதல்முறையாகச் சிரித்தான். வழிகாட்டியின் அடியில் எழுதியவர் பெயர் போடும் இடத்தில் முபாரக் என்று இருந்தது. அதற்குக் கீழே அவள் பெயரைச் சேர்த்தான். அங்கயற்கண்ணி என்பதற்குச் சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

சத்தம் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடவில்லை. ஊருக்குப் போனதும் அவள் எழுதி அனுப்பினாள். அவன் தப்பைச் சொல்லித் திருப்பி அனுப்பினான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு யாருமில்லாத கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து திருத்தினாள். மழைக்காலம் முழுதும் அப்படியே போனது. சில நாள் கரகரவென்று ஓர் இரைச்சல் வரும், பிறகு நின்றுவிடும். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்த வாரம், நாச்சியார் ‘அ’வைத் தட்டினாள். லேப்டாப் ‘அ’ என்றது.

அவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி தட்டினாள். அன்று மணி அடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் ஜெபசிங்கிடமிருந்து போன் வந்தது. அவன் போன் செய்வது அதுதான் முதல்முறை. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லா லேப்டாப்பும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன.

“டீச்சர், என்ன அங்க இவ்வளவு சத்தம்?”

“பிள்ளைங்க. சொல்லுங்க.”

“ஒரு மெயில் வந்திருக்கு. மட்டக்களப்புலேர்ந்து. யாருன்னு தெரியல. பேரு மட்டும் போட்டிருக்கு, கோகுலவாணின்னு.”

“என்ன எழுதியிருக்காங்க?”

“‘வழிகாட்டியில் உள்ளபடி செய்தேன். உள்ளே வந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இங்கே யாராவது இருக்கிறீர்களா?’”

அவன் தொண்டையைச் செருமினான்.

“காலையிலேர்ந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். என்ன பதில் போடறதுன்னு தெரியல.”

“இருக்கோம்னு போடுங்க” என்றாள் அங்கயற்கண்ணி.