மரியசிலுவையின் தோள் கீபோர்டு

தேன்சிட்டு இன்னிசைக் குழுவின் மரியசிலுவை தோளில் மாட்டி வாசிக்கிற கீபோர்டு ஊமையாகி எட்டு வருடம் ஆகிறது. குழுவில் இருக்கிற ஒன்பது பேருக்கும் இது தெரியும். முப்பிடாதிக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் அதன் சத்தமெல்லாம் அவள் விரலிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஏற்பாடு ரொம்பச் சுலபம். கிட்டார் மாதிரிக் கழுத்தும் தோள்வாரும் வைத்த அந்தச் சிவப்பு நிறப் பழைய ஜப்பான் சாமானை மாட்டிக்கொண்டு மரியசிலுவை மேடையின் முன்னால் வந்து நிற்பார். இடது குதிகாலால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். உடனே பின்னால், ஸ்பீக்கர் பெட்டிக்கு மறைவில், ஸ்டாண்டில் வைத்த சாதாரணக் கீபோர்டில் முப்பிடாதி வாசிப்பாள். அவர் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, தலையை உலுக்குவார். கைதட்டலும் சால்வையும் அவருக்குப் போகும்.

இத்தனை நாள் அவள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இன்றைக்குக் கச்சேரி அவள் பிறந்த ஊரான கருவேலங்குடியில், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு. அங்கேதான் அவளை யாருமே நம்புவதில்லை. கச்சேரி வீடியோவைப் போட்டுக் காட்டினால் அதில் ஸ்பீக்கர் பெட்டிதான் தெரிகிறது. “பெட்டி தூக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயேன், வாசிக்கேன்னு ஏன் புளுவுத?” என்று மதினி நடுத்தெருவில் வைத்துக் கேட்டுவிட்டாள். மரியசிலுவை விடுகிற புளுகு ஊருக்கு உண்மை, அவள் சொல்கிற உண்மை வீட்டுக்குப் புளுகு. இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

வேனில் வரும்போதே மரியசிலுவையிடம் கேட்டுப் பார்த்தாள். “அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் என் ஸ்டாண்ட முன்னால போட்டுக்கிடட்டா? எங்க ஆளுக எல்லாரும் வருவாவ.”

“முன்னால ரெண்டு கீபோர்டு நின்னா சனம் குழம்பிரும் தங்கச்சி. அடுத்த வருசம் பாப்போம்,” என்று அவர் சன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேடையில் மைக் சோதனை நடந்தது. கொடைக் கமிட்டித் தலைவர் பொன்னுலிங்க அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிவப்புக் கீபோர்டை மடியில் வாங்கி வைத்து, குழந்தையைப் பார்ப்பது மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முப்பத்திரண்டு வருடம் டவுனில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். மரியசிலுவைக்கு அது தெரியாது. சொல்லிவிடலாமா என்று முப்பிடாதிக்கு வாய் வரை வந்தது. வேண்டாம், பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

மைக்செட் இசக்கிமுத்துதான் ஆரம்பித்து வைத்தான். “இந்தப் பெட்டியோட ஒயர எதுல சொருவ? சும்மால்லா தொங்குது.”

“ஒயரா? அது அழகுக்குத் தொங்குது தம்பி,” என்றார் மரியசிலுவை, பெட்டியை வாங்கித் தோளில் மாட்டியபடி. “உலகத்துலயே இந்த மாதிரி மூணுதான் செஞ்சான் ஜப்பான்காரன். ஒண்ணு கப்பலோட முங்கிட்டு. இன்னைக்கும் அந்தக் கடல்ல மீனெல்லாம் தாளத்துலதான் நீந்துது. இன்னொண்ணச் செஞ்சவனே வாசிச்சுப் பாத்துட்டு, இனிமே என்ன இருக்குன்னு சாமியாராப் போயிட்டான். மூணாவது இது.”

“அப்படி என்ன வே இருக்கு இதுல?” என்றார் அண்ணாச்சி.

“நூறு சத்தம் இருக்கு அண்ணாச்சி. ஒரு தடவ ஒரு ஜங்ஷன்ல வண்டிக்குக் காத்துக் கெடந்தோம். பொழுது போகலியேன்னு ட்ரம்பெட் பொத்தான லேசாத் தொட்டேன். பக்கத்துல நின்ன கூட்ஸ் வண்டி கெளம்பிப் போயிட்டு. எந்த ஜங்ஷன்னு மட்டும் கேக்காதீங்க, ஸ்டேஷன் மாஸ்டர் புள்ளகுட்டிக்காரரு.”

“ட்ரைவர் ஏமாந்துட்டானாக்கும்,” என்றான் இசக்கிமுத்து.

“ட்ரைவர் எங்கடே வந்தான்? அதுல இன்ஜினே இன்னும் மாட்டல.”

இசக்கிமுத்து கையில் இருந்த மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை ஓரமாக உட்கார்ந்தான். இனி வேலை நடக்காது என்று முப்பிடாதிக்குத் தெரிந்துவிட்டது.

“கழுத்துல இந்தச் சக்கரம் இருக்கு பாத்தீங்களா, இது ஸ்வரத்த வளைக்கிற சக்கரம். ஒரு கல்யாணத்துல ‘ப’வப் பிடிச்சு மேல வளைச்சேன். வாசல்ல கட்டுன வாழை மரம் ரெண்டும் குனிஞ்சு, வந்தவங்களுக்கு வணக்கம் வச்சுது. கைய எடுத்தேன், நிமிந்துட்டு.”

“பக்கத்துல இந்தப் பொத்தான் எதுக்கு?”

“விரல எடுத்தாலும் சத்தம் நிக்காம இழுத்துப் பிடிக்கிற பொத்தான் அது. அதே கல்யாணத்துல தாலி கட்டும்போது அமுக்கினேன். சத்தம் எவ்வளவு நேரந்தான் நிக்கிதுன்னு பாப்போமேன்னு விடாமப் பிடிச்சேன். நிக்கவே இல்ல. அந்தப் பொண்ணு முழுகாம இருந்து, வளைகாப்பு நடந்து, புள்ள பொறந்து, அதுக்குக் காது குத்துக்குக் கூப்பிட்டாங்க. அங்க போய்த்தான் பொத்தான விட்டேன். புள்ள அதுவரைக்கும் அந்தச் சத்தத்துலதான் தூங்கிப் பழகுனது, விட்ட உடனே வீல்னு அழுதுட்டு.”

“ரெண்டு வருசமா நீரு சாப்பிடலியா?” என்றான் இசக்கிமுத்து.

“வலது கையால சாப்பிட்டேன். பொத்தான் இடது கைக்குத்தான இருக்கு.”

முப்பிடாதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பொத்தான் உடைந்துபோய், அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பசை போட்டு ஒட்டியது அவள்தான்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “பேட்டரி எப்படி?”

இங்கேதான் மரியசிலுவைக்கு வாய் நீண்டது. “ஆறு கட்டை போட்டிருக்கேன். வாங்குன அன்னைக்குப் போட்டது, இன்னும் மாத்தல. புயலடிச்சு எங்க தெருவுல நாலு நாள் கரண்டு இல்ல. தெரு முழுக்க லைட்டு எரிஞ்சது இதுல இருந்துதான். மூணு வீட்ல மாவாட்டிக்கிட்டாங்க. அஞ்சாம் நாள் கரண்டு ஆபீஸ் ஆளு இந்தப் பெட்டிக்கு ரீடிங் எடுக்க வந்துட்டான். நான்தான் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிவச்சேன்.”

அவர் சொல்லி வாயை மூடவில்லை, கரண்டு போய்விட்டது. பந்தலில் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடிகள் நின்றன. கோயில் குழாய் ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் அறுந்தது. ஜெனரேட்டர்காரர் ஆறு மணிக்குத்தான் வருவார்.

“நல்லதாப் போச்சு,” என்றார் அண்ணாச்சி. “வாசியும்.”

மரியசிலுவை மேடையின் முன்னால் போனார். கண்ணை மூடினார். உதட்டைக் கடித்தார். எட்டு வருடப் பழக்கம் யாரை விட்டது, இடது குதிகாலால் இரண்டு தட்டும் தட்டினார். கரண்டு இல்லாமல் முப்பிடாதி எதை வாசிப்பாள்? இன்னும் இரண்டு தட்டினார். பலகை மட்டும் டொக் டொக்கென்றது. முன்னால் நின்ற சின்னக் கூட்டம் வேடிக்கை பார்த்தது. அவர் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்த பார்வையில் அழுகையே இருந்தது.

உண்மையைச் சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் அவளுக்குக் கிடைக்காது. ஆனால் சொன்னால் அண்ணாச்சி கச்சேரியையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஒன்பது பேர் தலை குனிந்து வேன் ஏற வேண்டும். அவளுக்கு வேறொன்று தோன்றியது.

“அண்ணாச்சி, அவர ஒண்ணும் சொல்லாதீய,” என்றாள். “அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. அந்தந்த ஊர்ல பொறந்த ஆளு குழுவுல இருந்தா, வேற யார் தோள்லயும் அது வாய் தொறக்காது. ஒரு ஊர்ல எங்க வேன் ட்ரைவர் மாட்டுனாத்தான் பாடுவேன்னு அடம் பிடிச்சுது. அவருக்கு ஹார்ன் அடிக்கத்தான் தெரியும். அன்னைக்கு அவரு வாசிச்ச வாசிப்புல அந்த ஊர்லயே அவருக்குப் பொண்ணு குடுத்துட்டாவ. இங்க என் தோளுக்குத்தான் படியும். அதுவும் சொந்த ஊர்க் கரண்டுல.”

மரியசிலுவை மூடியிருந்த இன்னொரு கண்ணையும் திறந்தார். இல்லை என்று சொன்னால் அவர் வாசித்தாக வேண்டும். “ஆமா அண்ணாச்சி,” என்றார் மெதுவாக. “அதத்தான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள கரண்டு போயிட்டு.”

“அப்ப கரண்டு வரட்டும்,” என்று அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அரை மணி நேரத்தில் கரண்டு வந்தது. முப்பிடாதி தோள்வாரை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். மரியசிலுவை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போனார். அவள் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினாள். எட்டு வருடமாகச் சத்தம் வருகிற கீபோர்டையே தொடாத மனிதர், பதற்றத்தில் எதையோ அமுக்கினார். கடையில் வாங்கும்போதே உள்ளே போட்டுக் கொடுத்திருக்கிற வெள்ளைக்கார மெட்டு ஒன்று கிளம்பியது. அதை நிறுத்துகிற பொத்தான் எது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

முப்பிடாதி கொஞ்ச நேரம் விரலை ஓட்டிப் பார்த்தாள். முகம் முன்னால் வந்துவிட்டது, வாசிப்பு பின்னால் போய்விட்டது. இதற்காகவா இவ்வளவு ஆசைப்பட்டோம் என்று அவளுக்கு வெறுத்துப்போனது. இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டாள். மெட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்றவர்கள் அவள் கையைப் பார்த்தார்கள், ஸ்பீக்கரைப் பார்த்தார்கள், மறுபடி அவள் கையைப் பார்த்தார்கள்.

பொன்னுலிங்க அண்ணாச்சி எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்தார்.

“முப்பிடாதி, அந்தப் பெட்டிய அவருகிட்டயே குடுத்துட்டு, உன் ஸ்டாண்டத் தூக்கி இங்க நடுவுல போடு. ஒங்க மதினிக்கு மொத வரிசையில நாற்காலி போடச் சொல்லுதேன்.”

ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலிருந்து மரியசிலுவை தலையை நீட்டினார். “அப்ப நானு அண்ணாச்சி?”

“நீரு அங்கனயே நில்லும். பேட்டரி மூடிய மொதல்லயே தொறந்து பாத்துட்டேன், உள்ள ஒரு சீப்பும் பவுடர் டப்பாவும் இருக்கு. சும்மா நிக்கிற நேரத்துல தலையச் சீவிக்கிடும்.”