முதல் கோப்பை

வன்னியில் மிதிவெடி கிடந்த ஒரு தென்னங்காணியை ஒரு குழு துப்புரவாக்கிக்கொண்டிருந்தது. குழுவின் தலைவி தவநாயகி. வேலை பழகியவர்களுக்கு அவள்தான் குரு. அவளிடம் பழகியவர்களில் ஒருவன் செல்வரூபன். நாற்பது வயது, கெட்டிக்காரன். அதை அவனே எல்லோருக்கும் சொல்வான்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது மிதிவெடி கண்டால் விசில் ஊதும். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு, கூரையாகக் கட்டிய படங்கு நிழலுக்கு வருவார்கள். கண்டவருக்குத்தான் முதல் கோப்பைத் தேநீர். கூடவே எல்லாவற்றிலும் பெரிய பனங்கட்டித் துண்டு.

அந்த மாதம் முதல் கோப்பை ஜெசிந்தாவை விட்டு நகரவேயில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு மீட்டர் அகலத்தில் நிலம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவள் விறாண்டியால் தன் பக்கத்து மண்ணைச் சுரண்டினால் மிதிவெடி தெரியும். செல்வரூபன் சுரண்டினால் வேர், சிரட்டை, மறுபடியும் வேர். அவள் கன்னத்தில் பனங்கட்டியை அதக்கிக்கொண்டு சிரிக்கும்போது அவனுக்கு வயிறு எரிந்தது. தேநீர் சரியில்லை என்று ஊற்றியவரோடு சண்டை பிடித்தான்.

ஒரு நாள் காலை மறுபடியும் விசில் ஊதியது. மறுபடியும் ஜெசிந்தாதான். செல்வரூபன் நேரே தவநாயகியிடம் போனான்.

"அக்கா, நல்ல இடமெல்லாம் ஏன் அவவுக்கே குடுக்கிறியள்?"

"எது நல்ல இடம்?"

"வெடி இருக்கிற இடம்."

தவநாயகி அவனுடைய நிலத்தின் பக்கம் திரும்பினாள்.

"உம்மடை பக்கம் முடிஞ்சுதோ?"

"நேற்றே முடிஞ்சுது. ஒண்டும் இல்லை. வெறும் மண்."

"வாரும், பாப்பம்."

அவனுடைய நிலத்தின் தலைப்பில் நின்று அவள் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையையும் கழற்றினாள்.

"என்ன செய்யிறியள் அக்கா?"

"காணிக்காரர் கெதியிலை திரும்பி வருகினம். சின்னப் பிள்ளையள் இருக்குதுகள். அதுகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டோ ஓடப்போகுதுகள்?"

அவள் நிலத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வெறுங்காலைத் தூக்கினாள்.

"வேண்டாம் அக்கா!"

அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டான். தூக்கிய கால் அந்த மண்ணைத் தொடவில்லை.

"ஏன்? வெறும் மண்ணெண்டெல்லோ சொன்னனீர்."

செல்வரூபன் பிடித்த கையை விடவில்லை.

"எவடத்திலை?" என்று கேட்டாள்.

தலையில்லாத ஒரு பட்ட தென்னையின் அடியைக் காட்டினான்.

"அதிலை நிக்கேக்கைதான் நேற்று அவவுக்கு விசில் ஊதினது. தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி வந்தன். கண் முழுக்க அவவின்ரை பக்கம்தான். மேலாலை சுரண்டிப்போட்டு விட்டிட்டன்."

தவநாயகி ஏசவில்லை. இன்னும் பார்த்து முடிக்காத நிலத்தைக் காட்ட நடும் சிவப்புத் தலைத் தடிகளை எடுத்து அவனிடம் நீட்டினாள். தென்னைக்கு இப்பாலே அவற்றைக் குறுக்காக நட்டுவிட்டு அவன் முழங்காலில் இருந்தான். ஒரு சாண் ஆழத்துக்கு, முதலில் இருந்து தொடங்கினான்.

ஒன்றாவது கிடைக்காதா என்று முதலில் ஆசைப்பட்டான். பிறகு அந்தப் பிள்ளைகளின் நினைப்பு வந்தது. ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். எங்கிருந்தோ ஜெசிந்தாவின் சிரிப்புக் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் வரை விசில் ஊதவில்லை. வேலை முடிந்து எல்லோரும் படங்கு நிழலுக்கு வந்தார்கள். செல்வரூபன் கடைசியாக, உடம்பெல்லாம் மண்ணோடு வந்தான்.

"ஒண்டும் இல்லை அக்கா."

தவநாயகி முதல் கோப்பையை ஊற்றினாள். இருந்ததில் பெரிய பனங்கட்டியைத் தெரிந்தெடுத்தாள். இரண்டையும் அவனிடம் நீட்டினாள்.

ஜெசிந்தாவின் முகம் கறுத்துப் போயிற்று.

"விசில் ஊதவேயில்லை. இவர் என்னத்தைக் கண்டவர்?"

செல்வரூபனுக்கும் கை நீளவில்லை.

"அவ கேக்கிறது சரிதான் அக்கா. காலமையும் அங்கை ஒண்டும் இல்லை. இப்பவும் ஒண்டும் இல்லை."

தவநாயகி அவன் கையை விரித்துக் கோப்பையை வைத்தாள்.

"காலமை நீர் என்னை அதிலை கால் வைக்க விடேல்லையே. இப்பத்தான் அங்கை ஒண்டும் இல்லை."