ஏழாம் வடிகாலின் கம்பிவலை

ஒரு துறைமுகத்தில் மழைநீரைக் கடலில் விடும் உரிமத்தைப் புதுப்பிக்க, பெரும் சம்பளத்துக்கு ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். நிலக்கரிக் கிடங்கின் ஏழு வடிகால்களும் கடலில் விழும் இடத்தில் கம்பிவலை இருக்கிறதென்று, வந்து பார்க்காமலே அவர் எழுதிவிட்டார்.

உரிமம் பற்றிய விசாரணை நாளில், கிடங்கு கூட்டும் சூசையம்மா எழுந்தாள். மறுநாள் அவள் கொழுந்தன் ஏழாம் வடிகாலில் அடைப்பெடுக்க இறங்கவேண்டும்.

"ஐயா, ஏழாவதுல வலையே இல்லய்யா."

"நிரூபிப்பியாம்மா? அந்த இடம் தண்ணிக்குள்ளல்லவா கெடக்கு," என்று சிரித்தார் ஆலோசகர்.

"அப்போ வலை இருக்குங்கிறீங்க. எதுவும் வெளிய போகாதா?"

"ஒரு தேங்காய்கூடப் போகாது."

"எழுதிக்கிடுங்கய்யா," என்று உரிம அதிகாரியிடம் சொன்னாள். பிறகு அவள் குரல் தாழ்ந்தது.

"போன மாசம் முதல் மழையில என் வீட்டுக்காரர் அதுக்குள்ள இறங்கினதை இங்க எல்லாரும் பார்த்தாங்க. மூணாம் நாள் கடற்கரையில கெடந்தாரு. தேங்காய் போகாத வழியில அவரு எப்படிய்யா போனாரு?"

வலை போடும்வரை யாரும் இறங்கக்கூடாது என்று சொல்லி அதிகாரி கோப்பை மூடினார்.

பத்தாம் நாள் ஏழாம் வடிகாலின் வாயில் வலை பொருத்தினார்கள். சூசையம்மா தண்ணீருக்குள் முங்கி அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஓர் ஆளைத் தாங்கும்.