மேனேஜர் ஜெபசெல்வி

கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிக் கம்போடியா போன ஜெபசெல்வியை ஒரு மோசடிக் கும்பல் அடைத்துவைத்தது.

"பேங்க் மேனேஜர் மாதிரி பேசு. இன்னிக்கு ஒரு ஆளாவது சிக்கலைன்னா சோறு கிடையாது" என்று இங்கிலீஷில் மிரட்டினான் தமிழ் தெரியாத முதலாளி.

பட்டியலில் இருந்த மதுரை டீச்சர் ஒருவரை அழைத்துக் குழைவாகப் பேசினாள். "மேடம், இது மோசடிக் கும்பல். முப்பது பேர் மாட்டியிருக்கோம். விலாசம் சொல்றேன், போலீஸ்ல குடுங்க."

"அந்தம்மா என்ன பண்றாங்க?" என்றான் முதலாளி.

"சொல்றதையெல்லாம் எழுதிக்கிறாங்க சார்."

"பலே! நிதானமாச் சொல்லு."

பத்தாம் நாள் போலீஸ் வந்து முப்பது பேரையும் மீட்டது. ஜெபசெல்வி ஒரு போலீஸ்காரரின் போனில் வீட்டுக்குப் பேசினாள்.

"அம்மா, நான் செல்வி. தப்பிச்சிட்டேன்!"

"ஓடிபி எல்லாம் சொல்ல மாட்டேன், போனை வைடி!"

நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.