சூசையம்மாளுக்கு ஒரு முகம்

“எங்க அம்மா முகம் எனக்கு மறந்துபோச்சு தம்பி” என்றாள் பிலோமினா.

மேசையில் சிதறிக்கிடந்த கரித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஓவியர் சோலையப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

திருச்சியில் ஒரு நூலக மாடி. அன்று மாலை அங்கே அவருடைய பேச்சு. செத்துப்போனவர்களின் முகத்தை இந்த மண்ணின் மனிதர்கள் எப்படியெல்லாம் வைத்துக்கொண்டார்கள் என்று ஊர் ஊராகத் தேடி வரைகிறவர் அவர். நடுகல், கல்லறைப் பீங்கான் படம், சாமி படங்களுக்கு நடுவே பொட்டு வைத்து மாட்டிய தாத்தா என்று திரையில் காட்டினார். முடிவில், பாரம்பரியம் என்றால் என்ன என்று எழுந்து கேட்ட ஒரு பெரியவர், பதிலையும் தானே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு எல்லோரும் டீக்குப் போனார்கள்.

பிலோமினா மட்டும் நேராக மேடைக்கு வந்தாள். வயது ஐம்பத்தெட்டு. சுற்றி வளைத்துப் பேசும் பொறுமை அவளுக்கு இருபதிலேயே கிடையாது.

“ஃபோட்டோ இருக்கா அக்கா?”

“ஆயுசு குறைஞ்சிடும்னு கேமராவைக் கண்டாலே அடுப்படிக்கு ஓடிடும். என் கல்யாண ஆல்பம் பூரா முதுகுதான். நல்ல முதுகு.”

“ஒண்ணுகூடவா இல்ல?”

“ஒண்ணு இருக்கு. சவப்பெட்டிக்குள்ள வச்சு எடுத்தது. அதைப் பார்த்துப் பார்த்து, இப்ப கண்ணை மூடினா அதுதான் வருது. உயிரோட இருந்த முகம் போயிடுச்சு.”

குரல் இறங்கியது. அது பிடிக்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“கல்லறைத் திருநாள் வருது. சிலுவையில அப்பா பக்கம் படம் பதிச்சிருக்கு. அம்மா பக்கம் பேரு மட்டும்தான், சூசையம்மாள்னு. மேல படம் பதிக்கிற இடம் வெறும் குழி. மெழுகுவத்தி ஏத்திட்டு வருஷா வருஷம் குழியைப் பார்த்துட்டு வர்றேன். நீங்க ஒரு முகம் போட்டுக் குடுக்கணும்.”

“பெட்டிப் படத்தைப் பார்த்து வரையட்டுமா?”

“அது பொணம். அம்மா இல்ல.”

“அப்ப எதைப் பார்த்து வரையறது?”

“அது தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வர்றேன்?”

சோலையப்பன் ஒரு தாளை இழுத்தார். கை வேகமாக ஓடியது.

“இவங்களா?”

“ஐய, இது யாரு, இங்கிலீஷ் டீச்சராட்டம். எங்கம்மாவுக்கு மூக்கு இவ்வளவு கூர் கிடையாது. நுனி பரந்து, கொஞ்சம் அமுங்கி இருக்கும்.”

தாளை ஓரமாக வைத்தார். இன்னொன்று எடுத்தார்.

“வாயை மூடிட்டீங்களே. அது வாய் மூடி யாரு பார்த்தா? முன்பல்லு ஒண்ணு மேல ஏறியிருக்கும். உதடு ஒட்டாது.”

இன்னொன்று.

“மாதா சுரூபமா வரையறீங்க? இவ்வளவு சாந்தத்தை அந்தக் கண்ணு தாங்காது. அடுப்பு ஊதி ஊதி இடது கண்ணு சுருங்கிப்போச்சு. சிரிச்சாலும் சுருங்கும், திட்டினாலும் சுருங்கும். எதுக்குச் சுருங்குதுன்னு தெரியாம நாங்கதான் முழிப்போம்.”

டீ குடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வாட்ச்மேன் வந்து ஃபேனை நிறுத்தினான். சோலையப்பன் நாலாவது தாளை முடித்து நீட்டினார்.

பிலோமினா அதைப் பார்த்தாள். அவ்வளவுதான், இருந்த பொறுமையும் போனது.

“தப்பா நினைக்காதீங்க தம்பி, உங்களுக்கு நிஜமாவே வரைய வருமா? ஒரு மணி நேரம் பேசினீங்களே. தண்டட்டி போட்ட காது இப்படியா விறைப்பா நிக்கும்? தொங்கித் தோளைத் தொடும். நடந்தா ஆடும். நாலு தாளு வீணாக்கியாச்சு, ஒண்ணாவது எங்கம்மா மாதிரி இருக்கா?”

“அக்கா, முகம் மறந்துபோச்சுன்னீங்க.”

“ஆமா, மறந்துபோச்சு.”

அவர் நாலு தாள்களையும் அவள் முன்னால் வரிசையாகப் பரப்பினார்.

“அப்ப இதெல்லாம் அவங்க இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

பிலோமினா நாலு தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

சோலையப்பன் புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். கரித்துண்டைத் தொடவில்லை. காத்திருந்தார்.

“திட்டுது” என்றாள் பிலோமினா, கண்ணைத் திறக்காமல். “சீக்கிரம் வரைங்க.”